பத்து இடங்களும் ஒரு காலொடிந்த பெஞ்சும்

மெதினா, டக்கார்
அக்டோபர் 12

அண்ணா, உட்கார்ந்துகொண்டு படி, நம் மெதினாவைப் பற்றி நான் இணையத்தில் போட்ட பட்டியலை இரண்டே நாளில் நாற்பத்தோராயிரம் பேர் பார்த்துவிட்டார்கள், தையல்கடை முதலாளி பார்த்துவிட்டார், அவர் மாமியாரும் பார்த்துவிட்டார், தியெஸ் ஊரிலிருந்து ஒருத்தர் பஸ் ஏறி நேரில் வந்தே விட்டார்.

சரி, மூச்சு விட்டுக்கொள்கிறேன். இனி முறையாக. சலாம் அலைக்கும், தம்சீர் அண்ணா. அமைதியாக இருக்கிறாயா? உடம்புக்கு அமைதியா? உன் உளிக்கும் சுத்தியலுக்கும் அமைதியா? எங்களைக் கேட்டால், இங்கேதான் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது அம்மாவிடம் பேசுகிறது, அம்மா அதைத் திட்டுகிறாள்.

உன் போன் திருடுபோனதிலிருந்து உன் பட்டறைக் கம்ப்யூட்டருக்கு மின்னஞ்சல்தான் எழுத வேண்டியிருக்கிறது. பத்தொன்பது வயதில் கடிதம் எழுதுகிற ஒரே பெண் இந்தத் தெருவில் நான்தான். பரவாயில்லை, எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

பட்டியலின் பெயர் ‘மெதினாவில் தின்ன, குடிக்க, நடக்க பத்து இடம்’. முதல் இடம் எது என்று நான் சொல்லவே வேண்டாம். இருபத்திரண்டாம் தெரு முனை, வேப்பமரம், ஜோப் அக்காவின் பயறு ரொட்டி. நீள ரொட்டியைப் பிளந்து பயற்றை அள்ளி வைத்து, மேலே வெங்காயக் குழம்பை ஊற்றி, பழைய செய்தித்தாளில் சுற்றி அவள் நீட்டுவதை அப்படியே படம் எடுத்தேன். மரத்தடியில் நீ அடித்துப் போட்ட பெஞ்சையும் எடுத்தேன். ‘இதைச் செய்தவர் இப்போது லிஸ்பனில் ஓட்டலுக்குக் கதவு செய்கிறார்’ என்று கீழே எழுதினேன். அதற்கு மட்டும் ஆறாயிரம் இதயம்.

இரண்டாவது மோமரின் மிளகுக் காப்பி வண்டி. இருமல் உள்ளவனுக்கு இருமல் நிற்கும், இல்லாதவனுக்கு வரும். அப்புறம் தீலென் சந்தையில் பையோடு உறைய வைத்த பாவோபாப் பழச்சாறு, மூலையைக் கடித்து உறிஞ்சுவது. ஸ்டேடியத்துக்குப் பின்னால் மம்மான் சுடும் ஆட்டுக்கறி. நடப்பதற்கு நம் தையல் தெரு, மிஷின் சத்தத்துக்கு நடுவே. கடைசி, சூம்பெடியூன் கடற்கரை, படகுகள் கரை ஏறும் நேரம். நீயும் நானும் மீன் செதில் ஒட்டிய காலோடு வீட்டுக்கு வந்து அடி வாங்குவோமே, அந்த நடை.

வீட்டில் இப்போது அம்மாவும் நானும்தான். மதியம் பெரிய சோற்றுக் கிண்ணத்தை நடுவில் வைத்து உட்கார்ந்தால், அம்மா இன்னும் உன் பக்கத்துக்கும் மீனும் கேரட்டும் தள்ளி வைக்கிறாள். நாங்கள் எங்கள் பக்கத்தைத் தின்று முடிக்கிறோம். உன் பக்கம் மட்டும் குட்டி மலையாக நிற்கிறது. மார்ச்சில் நீ கிளம்பியபோது தெருவே உனக்கு இடதுகை கொடுத்ததே, நினைவிருக்கிறதா? தூரம் போகிறவனுக்கு இடதுகை கொடுப்பது தப்பு, அந்தத் தப்பைத் திருத்த அவன் திரும்பி வந்தே ஆகவேண்டும். நீ என் கையை விடவேயில்லை, டாக்ஸிக்காரர் ஹாரன் மேல் ஹாரன் அடித்தார்.

ஒரு வேண்டுகோள். உன் லிஸ்பன் பட்டியலை எழுதி அனுப்பு. எங்கே சாப்பிடுகிறாய், எங்கே குடிக்கிறாய், எங்கே நடக்கிறாய். அதையும் போட்டு லிஸ்பனைப் பிரபலமாக்கிவிடுகிறேன்.

அமைதியோடு இரு.
உன் ஊலி


லிஸ்பன்
அக்டோபர் 27

ஊலி,

சலாம் அலைக்கும். நான் இங்கேதான் இருக்கிறேன், அல்லாவுக்கு நன்றி. நீ நலமா? அம்மா நலமா? முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு. அவள் வேண்டாம் என்பாள், கேட்காதே.

பட்டியலைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. மூன்று தடவை பார்த்தேன்.

நீ கேட்டதற்கு: இங்கே ஒரு ஆறு இருக்கிறது, பெரியது. மஞ்சள் டிராம் ஓடும். மேடு அதிகம். காப்பியைச் சின்னக் கோப்பையில் தருவார்கள். எங்கே சாப்பிடுகிறாய் என்றால், கடையில்.

அந்த ஓட்டல் கதவைப் பற்றி எழுதியதை எடுத்துவிடு. பெருமை பேசினால் கண் படும்.

அம்மாவுக்கு என் சலாம். எல்லோரும் அமைதியாக இருங்கள்.
தம்சீர்


மெதினா
அக்டோபர் 30

அண்ணா, சலாம் அலைக்கும். அமைதியா? வேலைக்கு அமைதியா? நாங்கள் இங்கேதான் இருக்கிறோம், ஒத்தடம் நடக்கிறது, திட்டும் நடக்கிறது.

உன் லிஸ்பன் பட்டியலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “என்னடி இது, அஞ்சலட்டை பார்த்து எழுதுன மாதிரி இருக்கு” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பதினைந்து வருஷம் நம் தெரு மூலைக் கடையில் மீன்கறியில் எலுமிச்சை போதாது என்று சண்டை போட்டவன் நீ. ‘எங்கே சாப்பிடுகிறாய் என்றால், கடையில்’ என்று எழுதுகிறாய். எந்தக் கடை அண்ணா? யார் பரிமாறுகிறார்கள்? உப்பு தூக்கலா?

கதவைப் பற்றிய வரியை எடுத்துவிட்டேன். ஆறாயிரம் இதயமும் போச்சு.

இன்று காலை ஜோப் அக்காவிடம் போனேன். நாம் ந்தியாய் குடும்பம், அவள் ஜோப் குடும்பம், பாட்டன் காலத்திலிருந்தே இந்த இரண்டு பெயரும் சந்தித்தால் கிண்டல் பண்ணாமல் நகர முடியுமா? வரிசையில் புது ஆட்கள் பன்னிரண்டு பேர், எல்லாம் என் பட்டியலைப் பார்த்து வந்தவர்கள்.

“வாம்மா ந்தியாய். நாப்பதாயிரம் பேரக் கூட்டிட்டு வந்தேன்னு பீத்திக்காத. அவங்க தின்னதவிட நீ தின்னதுதான் ஜாஸ்தி.”

“ஜோப் வீட்ல பயற எண்ணித்தான் போடுவாங்கன்னு எங்கம்மா சொன்னது சரியாத்தான் இருக்கு.”

“உங்கம்மாவா? அவ சாயங்காலம் இங்க வந்து பயறு பொறுக்கும்போது நானே கேட்டுக்குறேன்.”

வரிசையே சிரித்தது. ஒரு பெண் என்னோடு படம் எடுத்துக்கொண்டாள். அப்புறம் எல்லோரும் அவரவர் நண்பர்களோடு போய்விட்டார்கள். நான் உன் பெஞ்சில் உட்கார்ந்து தின்றேன்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நேற்று மாடியில் டீ போட்டேன். தனியாக. நம் டீயைக் காய்ச்சிக் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது, எதிரே ஆள் இல்லாமல் அந்த நேரத்தை எப்படிக் கழிப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பழக்கத்தில் இரண்டு கிளாஸ் வைத்துவிட்டேன். முதல் சுற்றுக் கசப்பு முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டேன். இரண்டு கிளாஸையும் படம் எடுத்துப் போட்டேன். ஒருத்தர் கேட்டிருந்தார், ‘இன்னொரு கிளாஸ் யாருக்கு?’

அமைதியோடு இரு. சீக்கிரம் எழுது.
ஊலி


லிஸ்பன்
டிசம்பர் 1

ஊலி,

சலாம் அலைக்கும். அமைதியா? ஒரு மாதம் எழுதவில்லை, மன்னித்துவிடு. வேலை அதிகம், குளிரும் அதிகம். நான் இங்கேதான் இருக்கிறேன்.

தனியாக டீ போடாதே. ஜோப் அக்காவைக் கூப்பிடு, அவள் மூன்று சுற்றும் பேசுவாள், உனக்கு வாய் திறக்கவே இடம் இருக்காது.

இன்னொரு விஷயம். பட்டியலைப் பார்த்து வருகிறவர்கள் அந்த பெஞ்சில் நாலு பேராக உட்கார வேண்டாம் என்று எழுதிப் போடு. பின்பக்கத்து இடதுகால் பொருத்து முளையோடு உடைந்துபோய்விட்டது. அடியில் வைத்திருக்கிற கல்லும் சரியில்லை, தெருப்பக்கம் சாய்கிறது. ஒரு சாண் உள்ளே தள்ளி வை. குழந்தை ஏதாவது ஏறி விழுந்துவிடப் போகிறது.

அம்மாவின் முழங்கால் எப்படி? அவளுக்கு என் சலாம்.
தம்சீர்


மெதினா
டிசம்பர் 2

அண்ணா,

சலாம் அலைக்கும். அமைதியா? நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். அம்மாவுக்கு இப்போது பரவாயில்லை.

கல்லை ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்துவிட்டேன். நீ சொன்னது சரி. இப்போது ஆடவில்லை.

பெஞ்ச் உடைந்தது நவம்பர் பதினாறு. கிராண்ட் யோஃப் பக்கத்துப் பையன்கள் நாலு பேர், நாலு பேருமே யானைக்குட்டி, என் பட்டியலைப் பார்த்து வந்து படம் எடுக்க ஒன்றாக உட்கார்ந்தார்கள். என் பட்டியலால் உன் பெஞ்ச் உடைந்தது. அந்த வெட்கத்தில் நான் அதை உனக்கு எழுதவில்லை. எங்கேயும் போடவில்லை. நேற்று ராத்திரி என் இணையப் பக்கத்தில் இருக்கிற இருநூற்றுப் பதினாலு படத்தையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்றவர்கள் போட்டதையும் தேடினேன். அந்தக் கல் ஒன்றில்கூட இல்லை.

அங்கே மழையா?

அமைதியோடு இரு.
ஊலி


மெதினா
டிசம்பர் 24

அண்ணா,

சலாம் அலைக்கும். நீ நலமா? மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை, தெரியுமா? அங்கே மழையா என்றுதான் கேட்டேன். அதற்குப் பதில் சொல்வது கஷ்டம் என்றால் வேண்டாம்.

உன் பெஞ்ச் கடிதம் வந்தது திங்கட்கிழமை, பட்டறைக்கு லீவு ஞாயிறு, தெருவில் ஆள் இல்லாத நேரம் விடியற்காலை. ஜோப் அக்காவிடம் மட்டும் ஒருநாள் கேட்டேன். கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை விடியக்கால இங்க யாரெல்லாம் வருவாங்க?”

“பசிச்சவங்க.”

“உயரமா, லேசா கூன் போட்டு நடக்குற மாதிரி யாராவது?”

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தாள். “இங்க பாரு ந்தியாய். நான் வயித்தத்தான் பாப்பேன், மூஞ்சியப் பாக்குறது இல்ல. நீ எல்லாத்தையும் படம் புடிச்சு ஊருக்குக் காட்டுறவ. எல்லாமே காட்டுறதுக்கு இல்லடி.”

“நான் யாருக்கும் காட்ட மாட்டேன்.”

“அப்ப கேக்கவும் செய்யாத. ரொட்டி வேணுமா, வேண்டாமா?”

ரொட்டி வாங்கிக்கொண்டேன். காசு வேண்டாம் என்றுவிட்டாள். ஒரு ஜோப் ஒரு ந்தியாயிடம் காசு வாங்காமல் விட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

போன ஞாயிறு விடியுமுன் எழுந்தேன். இருபதாம் தெருவரை வந்தேன். இன்னும் இரண்டு தெரு தாண்டினால் வேப்பமரம். அங்கேயே மம்மாது கடைச் சுவரில் சாய்ந்து நின்றேன். பாங்கு சத்தம் கேட்டது. மிளகுக் காப்பி வாசம் வந்தது. மூலைவரை போய் எட்டிப் பார்த்தால் போதும். ஆனால் நான் பார்த்துவிட்டால், அடுத்த ஞாயிறு அந்த பெஞ்ச் காலியாக இருக்கும் என்று தோன்றியது. ரொம்ப நேரம் நின்றேன். அப்புறம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அம்மா உன் பக்கம் மீன் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறாள்.

குளிருக்கு ஏதாவது போர்த்திக்கொள். விடியற்காலையில் எல்லா ஊரிலும் குளிரும்.
ஊலி


ருஃபிஸ்க்
ஜனவரி 19

ஊலி,

சலாம் அலைக்கும். நான் இங்கேதான் இருக்கிறேன். மேலே எழுதியிருக்கிற ஊரைப் பார்த்திருப்பாய். உன்னிடமிருந்து ஒரு பஸ் தூரம்.

நான் லிஸ்பனைப் பார்த்ததேயில்லை. காஸாப்ளாங்காவரை போனேன். விமான நிலையத்துக்கு வந்து என்னைக் கூட்டிப்போவதாகச் சொன்ன ஆள் வரவில்லை, அந்த எண் எடுக்கவில்லை. ஒரு மசூதிச் சுவரோரம் பத்து நாள், அப்புறம் ஒரு தச்சனிடம் இரண்டு மாதம். அங்கிருந்துதான் ஓட்டல் கதவைப் பற்றி அம்மாவுக்கு எழுதினேன். போன் திருடுபோனது மட்டும் உண்மை. பாலைவனம் வழியாக லாரியில் திரும்பினேன். ஜூனில் டக்கார் வந்து இறங்கினேன்.

நேராக வீட்டுக்குத்தான் வந்தேன் ஊலி. தெருமுனைவரை வந்தேன். அம்மா வாசலில் நின்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “எம்புள்ள செஞ்ச கதவு வழியாத்தான் அந்த ஊரு மந்திரிங்க எல்லாம் உள்ள போறாங்களாம்.” மந்திரிகளை நான் எழுதவில்லை, அவளாகச் சேர்த்தது. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. என் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. காலில் ஜோடி சேராத இரண்டு செருப்பு. திரும்பிவிட்டேன்.

இங்கே படகு செய்கிற பட்டறையில் இருக்கிறேன். தெருவில் ஒரு நகல் எடுக்கும் கடை, அங்கேயிருந்துதான் உனக்கு எழுதுகிறேன்.

நீ அக்டோபரில் கேட்ட பட்டியலை இப்போது தருகிறேன். சாப்பிட: பட்டறைக்குப் பின்னால் ஒரு பெண் பயற்று வடை சுடுகிறாள். ஏழு மாதமாக என்னை ‘நெட்டையண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறாள், பெயர் சொன்னதில்லை. உப்பு சரியாக இருக்கும். குடிக்க: பட்டறை ஆட்கள் டீ போடுவார்கள். முதல் சுற்றோடு எழுந்துவிடுவேன். மூன்றாவது வரை உட்கார்ந்தால் வீட்டைப் பற்றிக் கேட்பார்கள். நடக்க: பழைய படகுத்துறை. அதன் முனைக்குப் போனால் டக்கார் பக்கம் மங்கலாகத் தெரியும். தினமும் போகிறேன்.

உன் பட்டியல் வந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினேன். முதல் பஸ். தொப்பி, தூசிக்குப் போடுகிற முகமூடி. மோமரிடம் காப்பி, ஜோப் அக்காவிடம் ரொட்டி, வெளிச்சம் வருமுன் கடற்கரை, கிளம்பிவிடுவேன். ஜோப் அக்கா என்னை அடையாளம் கண்டாளா தெரியவில்லை. ஒன்றும் கேட்பதில்லை. ரொட்டியோடு ஒரு பொட்டலம் அடிப்பிடித்த சோறும் வைத்துத் தருகிறாள், “வீட்ல மிஞ்சுனது, கொண்டு போ” என்று. சட்டியின் அடியில் பிடித்த காந்தல், நீயும் நானும் கரண்டியால் அடித்துக்கொள்வோமே, அதே மாதிரி மொறுமொறுவென்று. அதை மட்டும் பஸ்ஸில் தின்னாமல் ருஃபிஸ்க்வரை கொண்டு வருவேன்.

நான் வீட்டுக்கு வரமாட்டேன். கிளம்பும்போது பெண்கள் ஆடினார்கள், ஊலி. மேளம் அடித்தார்கள். அவர்கள் முன்னால் என்னவென்று வந்து நிற்பேன்? அம்மாவிடம் சொல்லாதே. அவள் அந்தக் கதவை வைத்திருக்கட்டும்.

இடதுகை கொடுத்தவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டதாக நினைத்துக்கொள்.
தம்சீர்


மெதினா
ஜனவரி 26

அண்ணா,

சலாம் அலைக்கும். நீ நலமா? நான் நலம். உன் கடிதத்தைப் படித்து அழுதேன், முகம் கழுவினேன், மறுபடி படித்தேன். ஒரு இடத்துக்கு வந்தபோது அழுகை நின்றுவிட்டது. காந்தல்.

யோசி அண்ணா. ஜோப் அக்கா விற்பது பயறும் ரொட்டியும். சனிக்கிழமை முழுக்கப் பயறு வேக வைக்கிறாள். அவள் வீட்டில் சோறு ஆக்கும் நாளே கிடையாது, அவளே அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் பண்ணுவாள், “ந்தியாய்ங்கதான் சோத்து மூட்டை” என்று. அப்புறம் எப்படி அடிப்பிடித்த சோறு மிஞ்சும்?

சனிக்கிழமை மதியம் நம் சோற்றுச் சட்டியைப் போய்ப் பார்த்தேன். அடி சுரண்டி வழித்திருந்தது. சில மாதமாகவே அப்படித்தான். அம்மா திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

“அம்மா, காந்தல் எங்க?”

“பூனை தின்னுருச்சு.”

“நம்ம வீட்ல பூனை இல்லையேம்மா.”

“வெளியூர்ப் பூனை.”

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் போகாமல் நின்றேன். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “ஞாயித்துக்கிழமதான் வரும். சத்தம் போட்டா ஓடிரும். நீ சத்தம் போடாத.”

அண்ணா, அவளுக்குத் தெரியும். எப்போதிருந்து என்று கேட்டேன். “மொத வாரமே, பயறு பொறுக்கப் போனப்ப ஜோப் சொன்னா” என்றாள். மூன்று மாதம். ஒவ்வொரு சனியும் சட்டியை வேண்டுமென்றே அடிப்பிடிக்க விட்டு, சுரண்டி, பொட்டலம் கட்டி, விடியற்காலை அந்த முழங்காலோடு படி இறங்கி, நீ வருமுன் கொடுத்துவிட்டு வருகிறாள். ரொட்டி வாங்கப் போகிறாள் என்று நினைத்து நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

“அப்ப அந்தக் கதவு? மந்திரிங்க?” என்று கேட்டேன்.

“கதவு அவன் சொன்னது. மந்திரி நான் சொன்னது. ரெண்டு பொய்யும் அக்கம்பக்கமா இருந்துட்டுப் போகட்டும்.”

அப்புறம்தான் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். “அவன் வெளிநாட்டுல இருக்கணும்னு யாருடி கேட்டா? அவன் சொன்னான், நான் சந்தோஷப்பட்டேன். அவன் இங்க இருக்கான்னு சொல்லியிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனா அவனா வரணும். நாம போய் இழுத்தா, ஆயுசுக்கும் அவன் தலை குனிஞ்சே நடப்பான்.”

மோமருக்கும் தெரியும். நேற்று கேட்டேன், “எனக்குத் தொப்பிதான் தெரியும்” என்றான். ஒருத்தர் வெட்கத்தை இன்னொருத்தர் பார்க்காத மாதிரி மூடிவிடுவது, சுத்துரா என்று சின்னதிலிருந்து நமக்குச் சொல்வார்களே, தெருவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. காட்டிக் காட்டியே வளர்ந்ததில் எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.

இப்போது நான் ஒன்று செய்யப்போகிறேன். பயப்படாதே, உன் பெயர் எங்கேயும் வராது. பிப்ரவரி எட்டு, ஞாயிறு காலை, பட்டியலில் உள்ள பத்து இடத்துக்கும் நடக்க என் ஆட்களைக் கூப்பிடப் போகிறேன். இருநூறு பேராவது வருவார்கள். தொப்பி போட்டவன், முகமூடி போட்டவன், நெட்டையன், குட்டையன். அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் கூடினால் யார் எண்ணப் போகிறார்கள்? நீ சும்மா நட. கடற்கரைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போக நினைத்தால் போ. நான் கடைசி ஆளாக நடந்து வருவேன். திரும்பிப் பார்க்கச் சொல்ல மாட்டேன்.

அம்மா இதற்குச் சரி என்றாள். “சத்தம் போடாமக் கூப்பிடு” என்றாள். இருநூறு பேரைச் சத்தம் போடாமல் எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அமைதியோடு இரு. அமைதி மட்டும்.
ஊலி


ருஃபிஸ்க்
பிப்ரவரி 3

ஊலி,

சலாம் அலைக்கும்.

ஒரு வாரமாகப் படகுத்துறைக்குப் போகவில்லை. நேற்று பட்டறையில் மூன்றாம் சுற்று டீ வரை உட்கார்ந்தேன். வீடு எங்கே என்று கேட்டார்கள். மெதினா என்றேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

பெஞ்சுக்குக் கல் வைத்தால் ரொம்ப நாள் நிற்காது. புதுக் கால் வேண்டும். என்னிடம் ஒரு துண்டு படகு மரம் இருக்கிறது, உயரம் சரியாக வரும்.

நீ அளந்து எழுத வேண்டாம். எனக்குத் தெரியும்.
தம்சீர்


மெதினா
பிப்ரவரி 4
பட்டியலைப் படித்த எல்லோருக்கும்

சலாம் அலைக்கும், நாற்பத்தோராயிரம் பேருக்கும் (இப்போது அறுபத்திரண்டாயிரம், அமைதி, அமைதி). எல்லோரும் நலமா? வீட்டில் நலமா?

எட்டாம் தேதி ஞாயிறு காலை ஏழு மணிக்கு மெதினாவின் பத்து இடங்களையும் சேர்ந்து நடக்கிறோம். இருபத்திரண்டாம் தெரு முனை, வேப்பமரத்தடியில் கூடுகிறோம். ஜோப் அக்காவிடம் பயறு ரொட்டி தின்றுவிட்டுக் கிளம்பலாம். குடும்பப் பெயர் ந்தியாய் என்றால் திட்டு இலவசம்.

மூன்று விதி. ஒன்று, போனைப் பைக்குள் போடுங்கள். நான் படம் எடுக்கப் போவதில்லை, நீங்களும் வேண்டாம். ஆமாம், நான்தான் சொல்கிறேன், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு, எங்கிருந்து வருகிறாய், என்ன செய்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது. பக்கத்தில் நடக்கிறவர் பெயர் தெரியாவிட்டால் தெரியாமலே நடங்கள். மூன்று, மரத்தடி பெஞ்சில் யாரும் உட்கார வேண்டாம். அதற்குக் கால் மாற்ற ஒருத்தர் மரம் கொண்டு வருகிறார். அவர் வேலையைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்காதீர்கள், அவருக்குப் பிடிக்காது.

கடைசியாகப் பட்டியலில் ஒரு திருத்தம். பத்து இடம் என்று எழுதியிருந்தேன், பதினொன்று. பதினோராவது எங்கள் வீட்டு முற்றம். கடற்கரையிலிருந்து மதியம் அங்கே வருகிறோம். அம்மா மீன்சோறு ஆக்குகிறாள், ஜோப் அக்காவிடமும் பக்கத்து வீடுகளிலும் கிண்ணம் கேட்டு வாங்கியாயிற்று. எல்லாக் கிண்ணத்திலும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்காருங்கள். வாசலை ஒட்டி வைத்திருக்கும் நீலக் கிண்ணத்தில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்கு ஆள் இருக்கிறது. காந்தலும் அந்தப் பக்கத்துக்குத்தான், கேட்காதீர்கள்.

வாசலில் அம்மாவும் நானும் நிற்போம். வருகிற ஒவ்வொருத்தருக்கும் வலதுகை கொடுப்போம்.

தயவுசெய்து இதைப் பகிருங்கள். தெரு தள்ளி இருப்பவர்களுக்கும், ஊர் தள்ளி இருப்பவர்களுக்கும், ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு வரலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கும் சொல்லுங்கள். வருகிறவர்கள் கீழே பெயர் எழுத வேண்டாம். ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று மட்டும் எழுதுங்கள். எத்தனை பேருக்கு அரிசி போடுவது என்று அம்மா கேட்கிறாள்.